குழாய்க்குள் 25 நிமிடங்கள்

என் வீடு மூன்றாம் மாடியில் இருக்கிறது. குடிவந்து 30 ஆண்டுகளாகப் படியேறித்தான் போகிறேன். அண்டை வீட்டார் கேட்டால், “உடம்புக்கு நல்லது” என்பேன். அது பொய்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். தோ பாயோவில் நாங்கள் இருந்த புளோக்கில், நான் தனியாகப் போன மின்தூக்கி இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. விளக்கும் அணைந்தது. யாரோ வந்து கதவைத் திறக்கும்வரை கத்திக்கொண்டே இருந்தேன். இப்போது வயது 58. அந்தப் பயம் மட்டும் போகவில்லை. பெருவிரைவு ரயிலில்கூடக் கதவோரமாகத்தான் நிற்பேன்.

சென்ற ஆண்டு வலது காதில் இரைச்சல் தொடங்கியது. அந்தக் காது சரியாகக் கேட்கவுமில்லை. ஒரு காதில் மட்டும் இப்படி வந்தால் கேள்வி நரம்பில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது என்றார் மருத்துவர். பெரும்பாலும் இருக்காது, இருந்தால் சிறிதாக இருக்கும்போதே தெரிய வேண்டும் என்று சொல்லி எம்ஆர்ஐ ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

படிவத்தில் ஒரு கேள்வி: மூடிய இடங்களில் பயம் உண்டா? “இல்லை” என்று குறித்தேன். அறுபதை நெருங்கும் ஆண்பிள்ளை வேறு என்ன எழுதுவான்?

தலையைச் சுற்றிக் கூண்டு போன்ற ஒன்றைப் பொருத்தினார்கள். கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, முடியாவிட்டால் அழுத்தச் சொன்னார்கள். படுக்கை உள்ளே நகர்ந்தது. கண்ணைத் திறந்தேன். மூக்குக்கு நேர் மேலே சுவர். பந்தை அழுத்திவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

வீட்டில், “இயந்திரம் பழுது” என்றேன்.

இரண்டு மாதம் கழித்து, மறுதேதி கேட்டு வந்த தொலைபேசி அழைப்பை என் மனைவி எடுத்துவிட்டாள். உண்மை வெளியே வந்தது. அவள் திட்டவில்லை. “பயமா இருக்குன்னு சொல்றதுல என்னங்க வெட்கம்? கட்டி இருந்தா, அது உங்க வெட்கம் போறவரைக்கும் காத்திருக்குமா?” என்றாள். மருத்துவமனையிடம் அவளே எல்லாவற்றையும் சொன்னாள்.

இரண்டாம் முறை, ஸ்கேன் எடுக்கும் இளம்பெண் முதலில் என்னை உட்கார வைத்துப் பேசினார். குழாயின் இரு பக்கமும் திறந்தே இருக்கும், உள்ளே விளக்கும் காற்றும் உண்டு, எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு இல்லை, காந்தமும் வானொலி அலைகளும்தான் என்றார். அந்த ‘டக் டக்’ சத்தம்கூட, காந்தத்துக்குள் இருக்கும் கம்பிச் சுருள்கள் அதிர்வதால் வருவதுதானாம். பதற்றம் தணிய மாத்திரையும் உண்டு, அதைச் சாப்பிட்டால் வண்டி ஓட்டக்கூடாது, வீட்டுக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும் என்றார். மாத்திரை இல்லாமல் முயன்று பார்க்கிறேன் என்றேன்.

மனைவி அறைக்குள் உட்காரலாம் என்றும் சொன்னார். ஆனால் அவள் உடம்பிலும் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது. வளையல், தோடு எல்லாம் கழற்றினாள். தாலிச் சங்கிலியை அன்று காலையிலேயே வீட்டில் கழற்றி வைத்துவிட்டு, மஞ்சள் கிழங்கு கட்டிய கயிற்றைப் போட்டு வந்திருந்தாள். எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

உள்ளே போகும் முன்பே கண்களை மூடி, மேலே ஒரு துணியைப் போடச் சொன்னேன். “அங்கிள், இது நாலு நிமிஷம்” என்று ஒவ்வொரு முறையும் ஒலிபெருக்கியில் சொன்னார் அந்தப் பெண். நான் மூச்சை எண்ணினேன். என் கால் கட்டைவிரலை மனைவி பிடித்திருந்தாள். நடுவில் ஒருமுறை நெஞ்சு படபடத்தது. பந்தை அழுத்தப் போனேன். அவள் விரலை லேசாக அழுத்தினாள். விட்டுவிட்டேன்.

25 நிமிடங்களில் முடிந்தது.

கட்டி இல்லை. காது முழுதாகத் திரும்பவில்லை, கருவி வைத்திருக்கிறேன். ஆனால் அந்த இரண்டு மாதம், கட்டி இருக்குமோ என்று தினமும் நடு இரவில் விழித்துக் கிடந்தேனே, அது நானே வாங்கிக்கொண்ட தண்டனை. உங்களுக்கும் இப்படிப் பயம் இருந்தால், தேதி வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். சொன்னால்தான் அவர்களால் உதவ முடியும்.

இன்றும் படியில்தான் ஏறுகிறேன். யாராவது கேட்டால் மட்டும், “மின்தூக்கின்னா எனக்குப் பயம்” என்று சொல்லிவிடுகிறேன்.