மலைமேல் ஒரு மேசை

மே பிறந்தால் மனம் சிம்லாவுக்குப் போய்விடுகிறது. அங்கே அப்சர்வேட்டரி ஹில் மேல் இருக்கும் இந்திய உயராய்வு நிறுவனத்தில், கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கென்று ஓர் ஏற்பாடு இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு ஒரு மாதம் வீதம் அங்கேயே தங்கிப் படிக்கலாம், எழுதலாம். அசோசியேட் என்பார்கள். ஃபெல்லோ என்றால் இரண்டு ஆண்டுவரைகூடத் தங்கலாம். நான் அசோசியேட்டாகப் போனேன். வேலையில் சேர்ந்த புதிது. முனைவர் பட்ட ஆய்வேட்டைப் புத்தகமாக்க வழி தெரியாமல் திணறிக்கொண்டிருந்த காலம்.

தொல்லியல்காரர்களுக்கு இந்தத் திணறல் தெரியும். குழி வெட்டும்போது ஊரே கூடி நிற்கும்; பணம் வரும், செய்தி வரும். குழியை மூடியபிறகுதான் பெரும் வேலை. ஒவ்வொரு பானையோட்டையும் வரைந்து, ஒப்பிட்டு, கடைசியில் உட்கார்ந்து எழுத வேண்டும். உட்காரும் அந்தக் காலத்துக்குத்தான் யாரும் பணம் ஒதுக்குவதில்லை. ஆதிச்சநல்லூரில் 2004-05இல் நடந்த அகழாய்வின் அறிக்கைக்காக நாம் எத்தனை ஆண்டுகள் காத்துக் கிடந்தோம்!

சிம்லா எனக்குக் கொடுத்தது அந்த உட்காரும் காலத்தை. ஓர் அறை, ஒரு மேசை, வேளைக்குச் சாப்பாடு, கைக்கெட்டும் தூரத்தில் நூலகம். பகலில் யாரும் வந்து கதவைத் தட்டமாட்டார்கள். ஜன்னலை மட்டும் தாழ்போட்டு வைக்க வேண்டும், குரங்குகளுக்காக.

கட்டடம் 1888இல் வைஸ்ராய் டஃப்ரினுக்காகக் கட்டி முடிக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். பிற்பாடு சென்னைக்கு வந்து கன்னிமாரா நூலகத்தைக் கட்டியவரும் அவரே. 1945இல் வைஸ்ராய் வேவல் கூட்டிய சிம்லா மாநாடு நடந்ததும் இங்கேதான். சுதந்திரத்துக்குப் பிறகு குடியரசுத் தலைவரின் கோடை வாசஸ்தலமாக இருந்த அந்த மாளிகையை ஆய்வாளர்களுக்கென்று விட்டுக்கொடுத்து, 1965 அக்டோபரில் நிறுவனத்தைத் திறந்துவைத்தவர் அன்றைய குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன். திருத்தணிக்காரர் செய்த காரியம் என்பதில் எனக்குத் தனிப் பெருமை. வைஸ்ராய்களின் நடனக்கூடம் இன்று நூலகத்துக்குள் அடங்கியிருக்கிறது. ஓர் அரசு தன் மாளிகையை இதைவிட நல்ல காரியத்துக்குக் கொடுத்துவிட முடியாது.

ஆனால் ஏக்கம் கட்டடத்துக்காக இல்லை. சாப்பாட்டு மேசைக்காக. ஒருபக்கம் கர்வால் நாட்டுப்பாடல்களைத் தொகுப்பவர், எதிரே காஷ்மீர சைவம் படிப்பவர், பக்கத்தில் தத்துவ ஆசிரியர் ஒருவர். என் ஆய்வு கொங்குநாட்டு இரும்புக்காலப் பானைகளில் கீறப்பட்ட குறியீடுகள் பற்றியது. ரொட்டியைப் பிய்த்தபடியே தத்துவக்காரர் கேட்டார்: “அந்தக் கோட்டைப் போட்டது குயவரா, பானையை வாங்கியவரா?” ஈர மண்ணில் கீறினால் கோட்டின் ஓரத்தில் மண் வரம்புபோல மேலெழும்பும், சுட்டபிறகு கீறினால் ஓரம் சிதறியிருக்கும். பெரும்பாலானவை சுட்டபிறகு கீறியவை, அதனால் பயன்படுத்தியவர்கள் போட்டவையாக இருக்கலாம் என்றேன். “இருக்கலாமா? விற்பவர் போட்டிருக்கக் கூடாதா?” என்றார். அன்றிரவே அந்த இயலைப் பிரித்து மறுபடி எழுதத் தொடங்கினேன். என் துறைக்குள் அப்படி யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். எங்களுக்கெல்லாம் பதில் முன்பே மனப்பாடம்.

மூன்றாவது ஆண்டும் கழிந்தது. இப்போது மே என்றால் விடைத்தாள் கட்டுகள். என் மாணவி ஒருத்தி இரும்பு உருக்கிய உலைகளைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறாள், வீட்டில் எல்லோரும் படுத்தபிறகு, கூடத்தில் உட்கார்ந்து. அதை முடித்ததும் சிம்லாவுக்கு ஃபெல்லோவாகப் போக விண்ணப்பிக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். கூடவே இன்னொரு ஆசையும் இருக்கிறது. அகழாய்வு நடந்த கொடுமணலுக்குப் பக்கத்தில் நொய்யல் கரையிலேயே அப்படி ஒரு விடுதி வேண்டும். ஆறேழு அறை போதும். இளையவர்கள் வந்து தங்க வேண்டும். தொல்லியல் மட்டுமல்ல, இலக்கணமும் இசையும் தத்துவமும் படிக்கிறவர்களும். ஒரே சமையலறை, ஒரே சாப்பாட்டு மேசை.

சிம்லாவில் எனக்கு இல்லாமற்போனது ஒன்றுதான். நான் ஆராய்ந்த பானையோடுகள் இங்கே தமிழ்நாட்டில் பெட்டிகளில் கிடந்தன. என்னிடம் இருந்தவை வரைபடங்களும் படங்களும். நொய்யல் கரை விடுதியில் ஓடுகள் அடுத்த அறையிலேயே இருக்கும். தத்துவக்காரர் கேட்ட நிமிஷமே எழுந்துபோய் ஒன்றை எடுத்துவந்து, அவர் கையில் கொடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கச் சொல்லலாம்.