பிரேக் பிடித்தால் அணைகிற விளக்கு

தர்மபுரி - சேலம் ரூட்டில் பஸ் ஏறியவர்களுக்குத் தொப்பூர் கணவாய் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மற்ற ஊர் நண்பர்களுக்காக மட்டும்: பெங்களூரு பக்கமிருந்து சேலத்துக்கு வரும் நெடுஞ்சாலை (நம்பரை 44 என்று மாற்றிவிட்டார்கள், இங்கே பலருக்கு இன்னமும் அது என்.எச். 7 தான்) இந்த இடத்தில் மலையிலிருந்து வளைந்து வளைந்து இறங்குகிறது. பாரம் ஏற்றிய லாரிகளுக்கு இது கண்டம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவார்கள், பிரேக் சூடாகும், அப்புறம் பிடிக்காது. 2020 டிசம்பர் 12 அன்று சிமெண்ட் ஏற்றி வந்த ஒரு லாரி இங்கே வரிசையாக இருந்த பத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் மேல் மோதி நான்கு பேர் இறந்தார்கள்.

ஆக, தொப்பூரில் இறங்கும்போது முன்னால் என்ன இருக்கிறது என்பதை விட, பின்னால் வருகிறவனுக்கு நாம் தெரிகிறோமா என்பதுதான் பெரிய கேள்வி. எங்க பெரியப்பாவின் வண்டி தெரியவில்லை. அதுதான் மேட்டர்.

வண்டி 1969 மாடல் அம்பாசடர், மார்க் 2. (2021ல் மத்திய அரசு கொண்டு வந்த விதிப்படி ஐம்பது வருஷம் தாண்டி, ஒரிஜினல் உருவத்திலேயே இருந்தால் அது விண்டேஜ். பெரியப்பாவுக்கு அதில் ரொம்பப் பெருமை.) போன வருஷம் டிங்கரிங் பார்த்து, புதுசாக பெயிண்ட் அடித்து பளபளவென்று ஆக்கியிருந்தார். ஒரு நாள் ராத்திரி சேலம் போகும்போது, கணவாய் இறங்கினதும் டீக்கடையில் நிறுத்தியிருக்கிறார். பின்னாலேயே வந்து நின்ற லாரி டிரைவர், "ஐயா, நீங்க காரா? ஓரமா ஒரு பைக் போகுதுன்னு நெனச்சு வலது பக்கம் ஏற இருந்தேன்" என்றாராம். வலது பக்க விளக்கு இல்லை. இடது விளக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. நல்லவேளை, ஹெட்லைட் வெளிச்சத்தில் டிக்கி பளபளத்ததில் சுதாரித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து லைட்டைப் போட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் எரிகிறது! வலது பக்கம் ஒரு நூல் மங்கல், அவ்வளவுதான். எலெக்ட்ரீஷியன் ஒருவர் பல்பை மாற்றிப் பார்த்தார், அதே கதை. பழைய வண்டி, முழு வயரிங்கையும் உருவிப் போட்டு மாற்றணும் என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியப்பா என்னிடம், "ஏண்டா, கரண்டு படிப்புதானே படிக்கிற, பாரு" என்றார்.

இரண்டு பேர் வேண்டியிருந்தது. பெரியப்பா உள்ளே, நான் பின்னால். லைட் மட்டும்: இரண்டும் எரிகிறது. லைட்டைப் போட்டுக்கொண்டே பிரேக்கை மிதித்தால் இடது பளீரென்று ஆகிறது, வலது சுத்தமாக அணைந்துவிடுகிறது. பிரேக்கை விட்டால் மறுபடி எரிகிறது. பேய் வண்டி மாதிரி!

பேய் எல்லாம் இல்லை மக்களே, எர்த் இல்லை. ஒரே பல்புக்குள் இரண்டு இழை: டெயிலுக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். இரண்டுக்கும் வருகிற வயர் தனித்தனி. திரும்பிப் போகிற வழி ஒன்றேதான், பல்பின் உலோக உடம்பு. அங்கிருந்து ஹோல்டர், திருகு, காரின் பாடி, பேட்டரி. இந்த வழி அடைபட்டால் கரண்ட் சும்மா நிற்காது, வேறு சந்து தேடும். 5 வாட் இழை வழியாக வந்த கரண்ட் எர்த்துக்குப் போக முடியாமல் பக்கத்தில் இருக்கும் 21 வாட் இழைக்குள் புகுந்து, பிரேக் வயரில் பின்னோக்கி ஓடி, இடது பக்க பிரேக் இழை வழியாக எர்த்தைப் பிடிக்கிறது. 21 வாட் இழைகளுக்குத் தடை குறைவு என்பதால் டெயில் விளக்கு கிட்டத்தட்ட ஒழுங்காகவே எரிகிறது. எல்லாரும் ஏமாறுவது இங்கேதான்.

பிரேக்கை மிதித்தால் அந்த வயரிலும் 12 வோல்ட் வந்துவிடுகிறது. இரண்டு இழைக்கும் வெளி முனைகளில் 12 வோல்ட், திரும்ப வழி இல்லை. வித்தியாசம் இல்லாத இடத்தில் கரண்ட் ஓடாது. விளக்கு அவுட். சமவெளியில் இது எப்போதாவது ஒரு நொடி நடக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். தொப்பூர் இறக்கத்திலோ கால் பிரேக்கிலேயே இருக்கும். அதாவது, ரொம்பத் தேவைப்படுகிற அந்த சில கிலோமீட்டருக்கு மட்டும் விளக்கு இல்லை.

சந்தேகத்தைத் தீர்க்க மல்டிமீட்டர். ஒரு முனை பேட்டரியின் எர்த் பக்கம் (பேட்டரி முன்னால் இருப்பதால் நீளமான வயர் ஒன்றை இழுத்தேன்), மறு முனை ஹோல்டரின் உலோகத்தில். லைட்டும் பிரேக்கும் சேர்ந்து போட்டால், நல்ல எர்த் என்றால் 0.1, 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. இடது பக்கம் அப்படித்தான் காட்டியது. வலது பக்கம் 12க்குப் பக்கத்தில்!

விளக்கைக் கழற்றினதும் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. பெயிண்ட். ஹோல்டர் பாடியில் உட்காரும் இடம், திருகு ஏறும் ஓட்டை எல்லாம் அழகாக, கனமாக, புத்தம் புது பெயிண்ட். இடது பக்கம் திருகு ஏறும்போது அதைக் கீறிக்கொண்டு இரும்பைத் தொட்டிருக்கிறது, வலது பக்கம் தொடவில்லை. வயரிங்கில் ஒரு குறையும் இல்லை. பழைய பிரிட்டிஷ் வழக்கப்படி டெயிலுக்குச் சிவப்பு, பிரேக்குக்குப் பச்சையில் ஊதாக் கோடு. கொஞ்சம் வெளுத்திருந்தது, ஆனால் உறுதியாக இருந்தது.

உப்புத்தாளால் சுரண்டப் போனேன். பெரியப்பா கையைப் பிடித்துக்கொண்டார், அந்தப் பெயிண்டுக்கு அவர் கொடுத்த காசு அப்படி. கடைசியில் டிக்கிக்குள் யாருக்கும் தெரியாத ஒரு மூலையில் மட்டும் சுரண்ட அனுமதி கிடைத்தது. அங்கே ஒரு திருகு போட்டு, ஹோல்டரிலிருந்து கறுப்பு வயர் ஒன்றை அதற்கு இழுத்து, துரு ஏறாமல் மேலே கிரீஸ் தடவினேன். இடது பக்கத்துக்கும் அதேபோல் ஒன்று, அந்தத் திருகை நம்ப எனக்கு மனசில்லை. செலவு இரண்டு மீட்டர் வயரும் நான்கு லக்கும்.

ராத்திரி வீட்டுச் சுவருக்கு முன்னால் வண்டியைப் பின்பக்கமாக நிறுத்தி பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். சுவரில் இரண்டு சிவப்பு வட்டம், ஒரே அளவு. நம்பர் பிளேட் விளக்கு மட்டும் எரியவில்லை. அது நிஜமாகவே பல்புதான், திங்கட்கிழமை கடை திறந்ததும் வாங்கணும்.