இருளில் கூடிய வீடு

மனிதன் முதன்முதலாகக் கற்கும் இடமும் கவலை மறக்கும் இடமும் குடும்பமேயாகும். எனினும், நகர வாழ்வின் நெருக்கடி பெருகப் பெருக அது உண்பதற்கும் உறங்குவதற்குமான தங்குமிடமாகச் சுருங்கி வருகின்றது. கொழும்புத் தமிழ்க் குடும்பங்களை நோக்குமிடத்து இவ்வுண்மை நன்கு புலப்படும்.

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றில், தொடர்மாடியின் ஐந்தாம் தளத்தில் வாழும் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். தந்தை காலையில் கோட்டைக்குப் புகையிரதம் ஏறுவார். தாய்க்கு வங்கியில் வேலை. மகளும் மகனும் பாடசாலை விட்டதும் தனியார் வகுப்புகளுக்கு விரைவர். அம்மம்மா சாளரத்தருகே அமர்ந்திருப்பார். இரவு ஒன்பது மணிக்கு ஐவரும் வீட்டில் இருப்பர். ஆயினும், நால்வர் முகத்தில் கைத்தொலைபேசியின் ஒளி விழும். அம்மம்மாவின் முகத்தில் அதுவும் இல்லை.

2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடி இவ்வொழுங்கைக் குலைத்தது. மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. மின்தூக்கி நின்றது, மின்விசிறியும் நின்றது. புழுக்கம் தாளாது ஐவரும் கடற்காற்று வரும் முன்மாடத்தில் கூடினர். மெழுகுதிரி வெளிச்சத்தில் மகன் தன் கைகளால் சுவரில் நரியொன்றின் நிழலைக் காட்டினான். அம்மம்மா அதற்கொரு கதை சொன்னார். வன்னிக் காட்டிலிருந்து யாழ்தேவி ஏறிக் கொழும்புக்கு வந்த நரி அது. மறுநாள் இருளில் மகள் அதனைக் கொட்டாஞ்சேனையில் குடியேற்றினாள். தந்தை அதற்குத் துறைமுகத்தில் வேலை எடுத்துக்கொடுத்தார். முதற்சம்பளத்துடன் அந்நரி எரிவாயு வரிசையில் நின்ற இரவில், அலுவலகக் களைப்பன்றி வேறெதையும் வீட்டுக்குக் கொண்டுவராத தாய் வாய்விட்டுச் சிரித்தார்.

இஃது அவ்வீட்டுக்குப் புதுமையாயினும் தமிழர் வாழ்வுக்குப் புதுமையன்று. ஆடிப்பிறப்புக்குக் கொழுக்கட்டை பிடிக்கையில் சிறுவர் பிடித்த கோணற் கொழுக்கட்டையும் அதே பானையில் அவிந்தது. நவராத்திரிக்குக் கொலு அடுக்குவதும், கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க இல்லங்களில் நத்தாருக்குப் பாலன் குடில் அமைப்பதும் முதியோரும் இளையோரும் கைகோத்துச் செய்த ஆக்கங்களே. ஆங்கில உளமருத்துவர் டொனால்ட் வின்னிக்கொட், 1971இல் வெளியான தம் நூலில், படைப்பாற்றலின் ஊற்றினை விளையாட்டிலே கண்டார். தாய்க்கும் சேய்க்கும் இடையிலான நம்பிக்கையே அவ்விளையாட்டின் களம் என்றார். ஆகவே, ஆக்கத்திறன் என்பது கலைஞர்க்கே உரிய தனிச்சொத்தன்று. ஒருவர் தொடங்கியதை இன்னொருவர் ஏற்று வளர்ப்பதே குடும்பத்தின் ஆக்கத்திறன்; நெருக்கமும் அங்கேயே பிறக்கின்றது.

இவ்வாறு கூறுவது இருளைப் போற்றுவதாகாது. அதே இரவுகளில் மண்ணெண்ணெய் வரிசையில் விடியும்வரை காத்திருந்தோர் பலர். நாட்கூலி இழந்த வீடுகளும் பல. பசித்த வீட்டில் கதை சொல்லுமாறு உபதேசிப்பது கொடுமையாகும். உணவும் ஓய்வும் கிடைக்கச் செய்வது சமுதாயத்தின் கடன். ஆனால், அவை கிடைத்த வீடுகளிலும் நெருக்கம் தானாக வந்துவிடுவதில்லை என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

2023 பெப்ரவரியில் நாளாந்த மின்வெட்டு முடிவுற்றது. வெள்ளவத்தை வீட்டில் விளக்குகள் எரிந்தன. நரியின் கதை பாதியில் நின்றது. அவ்வாண்டிலேயே அம்மம்மா மூத்த மகனுடன் வாழக் கனடாவுக்குச் சென்றார். சில நாட்களின் பின், "அப்பா, நரி திரும்ப வன்னிக்குப் போனதா?" என்று மகன் வினவினான். தந்தையிடம் விடையில்லை. எத்தனையோ மாலைகளில் அம்மம்மாவிடம் கேட்டிருக்கக்கூடிய கேள்வி அது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அன்றுமுதல் வெள்ளிதோறும் அரைமணி நேரம் அவ்வீட்டில் விளக்கு அணைக்கப்படுகின்றது. எஞ்சிய நால்வரும் கதையை வளர்க்கின்றனர். மகள் அதனை எழுதி அம்மம்மாவுக்கு அனுப்புகின்றாள். அடுத்த பகுதி கனடாவிலிருந்து வருகின்றது. நரி இன்னும் வன்னி சென்று சேரவில்லை. நகரத்து நெருக்கடியும் குறையவில்லை. எனினும், வாரத்தில் அரைமணி நேரமேனும் அவ்வீடு தங்குமிடமாக இல்லாது குடும்பமாக இருக்கின்றது. அதற்கு மின்வெட்டு வரும்வரை எந்த வீடும் காத்திருக்க வேண்டியதில்லை.