விக்டோரியாவுக்குத் தூண்டில் போடப் போறவங்களுக்கு



லீவு நெருங்கிவிட்டது. "சேர், இந்த முறையும் விக்டோரியாவா?" என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ஆசிரியர் அறையில் அதே கேள்வி கொஞ்சம் கிண்டலோடு வருகிறது: "பெற்றோல் காசுக்கு மார்க்கட்டில் இரண்டு கிலோ மீன் வாங்கலாமே?"

வாங்கலாம்தான். அந்தக் கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளம். அதனால்தான் இந்தப் பதிவு.

பேராதனையில் இருப்பவனுக்கு ஆறு வாசலிலேயே ஓடுகிறது. மகாவலி பூந்தோட்டத்தை மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு, கெட்டம்பே, கட்டுகஸ்தோட்டை தாண்டி பொல்கொல்லவுக்குப் போகிறது. அங்கே 1976இல் கட்டி முடித்த அணை ஒரு பங்கு தண்ணீரைத் திருப்பி, சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கத்தால் உக்குவளை மின்நிலையத்துக்கும், அதற்கப்பால் வடக்கே வயல்களுக்கும் அனுப்புகிறது. மிச்சத் தண்ணீர் கண்டியைச் சுற்றி, தென்னகும்புர, குண்டசாலைப் பக்கமாகத் தும்பறைப் பள்ளத்தாக்குக்குள் இறங்கி விக்டோரியாவில் போய் நிற்கிறது. நக்கிள்ஸ் மலையிலிருந்து வரும் ஹுலு கங்கையும் அங்கேதான் சேருகிறது. நம்ம வீட்டுக்குப் பின்னால் ஓடும் தண்ணீரைப் பார்க்கத்தான் நான் அவ்வளவு தூரம் போகிறேன் என்றும் சொல்லலாம்.

ஸுபஹ் தொழுதுவிட்டு பைக்கை எடுத்தால், கண்டி நகரம் எழும்புவதற்குள் மஹியங்கனை வீதிக்கு ஏறிவிடலாம். திகன தாண்டியதும் இடது பக்கம் நக்கிள்ஸ் தெரியும். கையைப் பொத்திப் பிடித்தால் விரல் முட்டி எப்படி இருக்குமோ அப்படி வரிசையாகச் சிகரங்கள். வெள்ளைக்காரன் அந்தப் பெயரை வைத்தது அதனால்தான். 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த மத்திய மலைநாட்டில் அதுவும் ஒரு பகுதி. காலையில் முட்டிகளுக்கு இடையில் பனி நிற்கும். கீழே தண்ணீர் அசையாமல் கிடக்கும். சுப்ஹானல்லாஹ் என்று வாய் தானாகச் சொல்லும்.

எங்கள் தூண்டில் பெரிய சாமான் ஒன்றும் இல்லை. ஒரு மூங்கில் தடி, தங்கூசி, முள், மிதப்பு, ஒரு டின் மண்புழு. புழு கிடைக்காவிட்டால் பாண் பிசைந்த உருண்டை. அதிகம் படுவது திலாப்பியா. 1952இல் கொண்டுவந்து விட்ட ஆபிரிக்க மீன் இன்று நம்ம நாட்டுக் குளத்து மீனாகவே ஆகிவிட்டது. ஆண் மீன் கரையோரச் சேற்றில் கோப்பை மாதிரிக் குழி தோண்டும். பெண் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும். முள்ளில் பட்ட மீன் வாயிலிருந்து குஞ்சுகளைத் துப்பியதை ஒருமுறை பார்த்தேன். அன்றிலிருந்து வாய் நிறைந்த மீன் பட்டால் திருப்பி விட்டுவிடுவது வழக்கம்.

இனி மீன் எங்கே கூடுகிறது என்ற விஷயத்துக்கு வருகிறேன். அதை எனக்குச் சொல்லித் தந்தவர் கரையில் பழக்கமான ஒரு சிங்களவர். வயதில் மூத்தவர். நான் அவரை 'அய்யே' என்பேன், சிங்களத்தில் அண்ணா மாதிரி. அவர் என்னை 'சேர்' என்பார்.

"அந்தப் பக்கம் போடுங்க சேர், கல் இருக்கு. மீன் நிக்கும்" என்பார். போட்டால் மீன் படும். எப்படித் தெரியும் என்று கேட்டபோது, "அது எங்கட பழைய வீதி" என்றார். அவர் பழைய தெல்தெனியவில் பிறந்தவர்.

விக்டோரியா அணை 122 மீற்றர் உயரம். 1985 ஏப்ரலில் ஜே.ஆர். ஜயவர்தன ஜனாதிபதியாக இருந்தபோது திறக்கப்பட்டது. பிரித்தானிய உதவியில் கட்டியதால் அங்கிருந்து பிரதமர் மார்கரெட் தாட்சரும் வந்திருந்தார். 210 மெகாவோட். நம்ம வீட்டு மின்விசிறி சுற்றுவதில் அதற்கும் பங்கு உண்டு. அந்தத் தண்ணீருக்காகப் பழைய தெல்தெனிய நகரமும் சுற்றியிருந்த கிராமங்களும் வயல்களும் போயின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் எழும்பிப் போயின. பலரை மஹியங்கனைக்கு அப்பால் மகாவலிக் குடியேற்றத்துக்கு அனுப்பினார்கள். சிலர் மேட்டில் புதிய இடத்தில் இருந்துகொண்டார்கள். அய்யேயின் குடும்பம் அப்படி மிஞ்சியது.

நீண்ட வெயிலில் தண்ணீர் இறங்கினால் அத்திவாரங்களும் பட்ட மரக் குற்றிகளும் வெளியே தெரியும். அவர் விரலை நீட்டி ஒவ்வொன்றாகச் சொல்வார். இது கிணறு. இது சந்தைக்கு இறங்கும் படி. இங்கேதான் முஸ்லிம் தையல்கார நானாவின் கடை, தன்னுடைய முதல் ஸ்கூல் சட்டையைத் தைத்தவர். அந்த நானாவின் குடும்பம் இப்போது எங்கே என்று என்னிடம் கேட்டார். நான் விசாரித்தேன். இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை.

கரைக்கென்று சில ஒழுங்குகள் இருக்கின்றன. யாரும் எழுதி வைக்கவில்லை. போயா தினம் நமக்கும் ஸ்கூல் லீவு, தூண்டில் போட நல்ல நாள். ஆனால் நான் போவதில்லை. அன்று உயிர்க்கொலை செய்யாமல் இருப்பது அவர்களுடைய மார்க்கம். ஜும்ஆ நாளில் நான் நேரத்தை மறந்து மிதப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால், அய்யே தன் கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவார். ரமழானில் நம்ம ஸ்கூல்களுக்கு மாதம் முழுக்க லீவு. நோன்போடு கரையில் இருக்கும்போது அவர் பிளேன்டீயை எடுத்துக்கொண்டு மரத்துக்கு அந்தப் பக்கம் போய்க் குடிப்பார். "இங்கேயே குடிங்க அய்யே" என்று எத்தனை முறை சொல்லியும் கேட்பதில்லை.

2018 மார்ச்சை இங்கே சொல்லாமல் போக முடியாது. தெல்தெனியவில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் இறந்ததற்குப் பிறகு, திகன, தெல்தெனிய என்று தொடங்கிக் கண்டி மாவட்டத்தின் பல ஊர்களில் நம்ம கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. திகனயில் எரிந்த வீட்டிலிருந்து ஒரு முஸ்லிம் இளைஞரின் ஜனாஸாவை எடுத்தார்கள். அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக. மார்ச் 6ஆம் திகதி அவசரகாலச் சட்டம் வந்தது. ஊரடங்கு. முகநூலையும் வட்ஸ்அப்பையும் நிறுத்தினார்கள், ஏனென்றால் வதந்தியும் வெறுப்பும் ஓடியது இவற்றின் வழியாகத்தான். முகநூல் நிறுவனமே 2020இல் அதற்கு மன்னிப்புக் கேட்டது. இதை நான் எழுதுவதும் அதே இடத்தில்தான். அதனால் சொல்லைக் கவனமாக வைக்கிறேன்.

அந்த நாட்களில் அய்யே இரண்டு முறை கோல் எடுத்தார். "வராதீங்க சேர், வீதி சரியில்லை" என்று முதல் முறை. இரண்டாவது முறை, "வீட்டில எல்லாரும் சுகமா?" என்று மட்டும்.

பல மாதம் போகவில்லை. பிறகு போனபோது நாங்கள் இருவரும் வெகுநேரம் பேசவில்லை. கடைசியில் அவர்தான் சொன்னார்: "தண்ணி வந்தப்போ எல்லாரும் ஒண்ணா சாமான் தூக்கினோம் சேர். உங்க ஆக்களுக்கு ஒரு தண்ணி, எங்களுக்கு ஒரு தண்ணின்னு வரல்ல."

கரையில் எல்லோரும் அவரைப் போல என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு எனக்கு முகம் கொடுக்காத ஒருவர் இன்னும் இருக்கிறார். பத்து அடி தள்லித் தூண்டில் போடுகிறார். நானும் போடுகிறேன். ஒருநாள் அவருடைய தங்கூசி என்னுடையதோடு சிக்கியது. இருவரும் சேர்ந்துதான் பிரிக்க வேண்டியிருந்தது. பேச்சு இல்லை. ஆனால் அறுக்காமல் பிரித்தோம்.

ஆசிரியனாக என் கவலை வேறு. நம்ம பிள்ளைகள் முஸ்லிம் ஸ்கூலில் தமிழில் படிக்கிறார்கள், அவர்கள் சிங்கள ஸ்கூலில். இரண்டாம் மொழிப் பாடத்தில் நம்ம பிள்ளை நல்ல புள்ளி எடுக்கும், ஆனால் ஒரு சிங்களப் பிள்ளையோடு அரை மணி நேரம் இருந்து பேசியிருக்காது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பதைச் சொல்லவில்லை. ஒரே வேலையைச் சேர்ந்து செய்து, ஒன்றுக்காகச் சேர்ந்து காத்திருப்பதைச் சொல்கிறேன். என் தங்கை மகனைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அய்யேயின் பேரனும் வருவான். புழு கோர்ப்பது எப்படி என்பதில் இருவருக்கும் எப்போதும் சண்டை. அந்தச் சண்டையில் அவன் படித்த சிங்களம் என் பாடத்தில் படித்ததைவிட அதிகம்.

மீன் விலைக்கு வாங்கலாம், இது விலைக்கு இல்லை. ஆசிரியர் அறைக்கு என் பதில் இதுதான்.

லீவுக்குப் போறவங்க கவனிக்க வேண்டியவை சில:

அணைப் பக்கம் போக வேண்டாம், அது பாதுகாப்பு வலயம். கரைச் சேறு வழுக்கும், ஓரத்திலேயே திடீரென்று ஆழம். குளிக்க இறங்கவே வேண்டாம். பெற்றோர்கள் இதைத் தயவுசெய்து இளைஞர்களுக்குச் சொல்லுங்கள். சின்ன மீனைத் திருப்பி விடுங்கள், சமைக்கும் அளவுக்கு மட்டும் எடுங்கள். அறுந்த தங்கூசியைக் கரையில் போடாதீர்கள், பறவையின் காலில் சுற்றும். சோத்துப் பார்சல் பேப்பரையும் போத்தலையும் திருப்பிக் கொண்டுவாருங்கள். போயா அன்று போக வேண்டாம்.

பக்கத்தில் இருப்பவருக்குச் சலாமுக்குப் பதிலாக ஒரு 'ஆயுபோவன்' சொல்லுங்கள். மீன் படுகிறதா என்று கேளுங்கள். அதற்குக் கோபத்தோடு பதில் சொன்ன ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

பழைய தெல்தெனியவில் தையல் கடை வைத்திருந்த குடும்பத்தை யாருக்காவது தெரிந்தால், பெயரை இங்கே போடாமல் எனக்கு இன்பொக்ஸில் சொல்லுங்கள். ஒருவர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.