பாதத்தில் விழுந்த குழி

இன்சுலின் ஊசி தொடங்கிய இரண்டாம் வாரம். கருங்குழியில் என் இல்லத்தில் சுபுஹுத் தொழுகைக்காக ஒளுச் செய்துகொண்டிருந்தேன். பாதத்தைத் தேய்த்த விரல் அழுந்திய இடத்தில் குழி விழுந்தது, நெடுநேரம் நிரம்பவில்லை.

“எல்லாம் ஊசியின் வேலை மச்சான், விட்டுவிடுங்கள்” என்றார் மைத்துனர். என் மனமும் அதற்கே இசைந்தது. அன்றிரவு ஊசி போட்டுக்கொள்ளவில்லை. விடியுமுன் தாகம் வாட்டியது, நா வறண்டது.

மறுநாள் செங்கற்பட்டு மருத்துவர் இதயத்தையும் சிறுநீரகத்தையும் சோதித்து, பழுதில்லை என்றார். நெடுநாள் மிகுந்திருந்த சர்க்கரை இன்சுலினால் விரைந்து குறையும்போது, மிக அரிதாகச் சிலருடைய உடல் உப்பையும் நீரையும் தேக்கிக்கொள்ளுமாம்; பெரும்பாலும் தானே வடிந்துவிடுமாம். ஊசியைத் தொடர்ந்தேன், அவர் சொற்படி உப்பைக் குறைத்தேன். இரு வாரங்களில் வீக்கம் வடிந்தது.

1922 ஜனவரி 11இல் கனடாவின் டொராண்டோ நகரில் லியோனார்டு தாம்சன் என்னும் சிறுவனுக்கு இன்சுலின் செலுத்தப்பட்டபோதும், ஊசியிட்ட இடத்தில் கட்டி கண்டது. மருத்துவர்கள் மருந்தைக் கைவிடவில்லை, தூய்மைப்படுத்தினார்கள். ஜனவரி 23இல் மீண்டும் செலுத்தினார்கள். அவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

உடல் இறைவன் தந்த அமானிதம் என்று மாணவர்க்கு ஆண்டுதோறும் பாடம் சொல்பவன் நான். அந்த அமானிதத்தை ஓரிரவு அச்சத்திடம் ஒப்படைத்துவிட்டேன். அன்பர்களே, வீக்கமோ தடிப்போ கண்டால் மருத்துவரிடம் விரையுங்கள். அவரைக் கேளாமல் ஊசியை நிறுத்தாதீர்கள்.