காரை இறுகும் காலம்

செட்டிநாட்டில் பழைய வீடு வாங்க நினைப்பவர் முதலில் பங்காளிகளின் கையெழுத்துக்காக அலைய வேண்டும். பாட்டனார் கட்டிய வீட்டுக்குச் சென்னையிலும் சிங்கப்பூரிலும் வாரிசுகள் இருப்பார்கள். ஒருவர் மறுத்தாலும் கிரயம் நின்றுவிடும். பராமரிக்க வழியின்றிப் பிரித்து விற்கப்பட்ட வீடுகள் பல. அவற்றின் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. அதனால், கானாடுகாத்தான் பக்கம் ஒரு குடும்பம் பழைய வீட்டை வாங்கி, இடிக்காமல் செப்பனிடுகிறது என்று கேள்விப்பட்டதும் வேலையாட்களைப் பார்க்கப் போனேன்.

தலைமைக் கொத்தனார் உள்முற்றமான வளவின் சுவரைக் கரண்டிக் காம்பால் தட்டிக்கொண்டே வந்தார். சில இடங்களில் கெட்டிச் சத்தம். சில இடங்களில் பொள்ளல். பொள்ளலாகக் கேட்ட இடங்களெல்லாம் முன்பு யாரோ சிமெண்ட் வைத்துப் பூசியவை.

"பழைய சொவத்துல அடியிலருந்து ஈரம் ஏறத்தாம்மா செய்யும். சுண்ணாம்பு அத வெளிய விட்டுரும். சிமெண்டு அடைச்சுப் போட்டுரும்" என்றார்.

அடைபட்ட ஈரத்தோடு உப்பும் சேரும். அது பூச்சுக்குள் பூத்துப் பெருகி, பூச்சைத் தள்ளிவிடும். கூடவே செங்கல்லின் முகமும் உதிரும். சிமெண்ட் பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டு, சுவரை நன்றாக உலரவிட்ட பிறகே சுண்ணாம்புக் காரை ஏறும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

கொல்லைப்புறத் தொட்டியில் நீற்றிய சுண்ணாம்பு தண்ணீருக்கடியில் வாரக்கணக்கில் கிடந்தது. கிடக்கக் கிடக்க அது வெண்ணெய் போலாகும். பக்கத்துப் பீப்பாயில் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிப் புளித்துக்கொண்டிருந்தன. அந்தத் தண்ணீரை ஊற்றித்தான் சுண்ணாம்பையும் மணலையும் அரைக்கிறார்கள். முன்பு மாடு பூட்டிக் கல்லுருளையால் அரைத்தார்கள். இப்போது இயந்திரம் சுற்றுகிறது. முதல் பூச்சுக்குப் பருமணல், அடுத்ததற்குப் பொடிமணல், மேலே போகப் போகச் சன்னம். கடைசிப் பூச்சில் சுண்ணாம்பு விழுதோடு முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்க்கிறார்கள். நூறாண்டு கடந்தும் முகம் தெரியுமளவு மின்னும் சுவர்கள் இந்தத் தேய்ப்பினால் வந்தவை.

சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கி மெல்லக் கல்லாகிறது. ஒரு பூச்சு இறுகாமல் அடுத்ததை ஏற்றினால் வெடிக்கும். சித்திரை வெயிலில் ஈரச் சாக்கு தொங்கவிட்டுக் காக்க வேண்டும். ஐப்பசி மழையில் காயவே காயாது. அவசரப்படுத்த வழியே இல்லாத வேலை இது.

இயந்திரத்தின் அருகே நின்ற சித்தாள் பெண் ஒருவர் கை காட்டியதும் அரைவை நின்றது. பதம் எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். "கரண்டில எடுத்துக் கவுத்துப் பாருங்கக்கா. ஒட்டியும் நிக்கணும், தட்டுனா வழுக்கியும் விழணும்" என்று செய்து காட்டினார். அவர் சரியென்று சொல்லாத காரையைக் கொத்தனார் தொடுவதில்லை. ஆனாலும் அவருக்குக் கிடைப்பது கல் சுமப்பவருக்கான கூலிதான். இது அநியாயம் என்றே எனக்குப் பட்டது.

செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. பட்டியல் வீடுகளுக்குப் பெருமை தரும். ஆனால் அந்த வீடுகளைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களுக்குத் தொடர்ந்து வேலை கிடைக்காவிட்டால் அந்தப் பெருமையால் சுவர் நிற்காது. இந்தக் குழுவில் இருந்த இளைஞர்கள் இருவரும் இடையிடையே கான்கிரீட் வேலைக்குப் போய் வருபவர்கள். வருமானம் அங்கேதான் நிலையாக இருக்கிறது.

பழைய வீடு வாங்குபவர்களிடம் சொல்ல எனக்கு ஒன்று உண்டு. சதுர அடிக் கணக்கில் வேலையை ஒப்பந்தம் விடாதீர்கள். சதுர அடிக்குக் கூலி வாங்குபவர் காரை இறுகக் காத்திருந்தால் பட்டினிதான் கிடப்பார். அதனால் காத்திருக்க மாட்டார். நாள் கூலி பேசுங்கள். மழைக்காலத்தைக் கழித்துத் திட்டமிடுங்கள். பதம் பார்க்கும் பெண்ணுக்குத் தொழில் தெரிந்தவருக்குரிய கூலியைக் கொடுங்கள். கற்றுக்கொள்ளும் இளைஞர் ஒருவருக்கான சம்பளத்தையும் செலவுக் கணக்கில் சேருங்கள். கிரயப் பத்திரம் வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றும்; அதை அடுத்த தலைமுறைவரை நிற்கவைப்பது இவர்களுக்கு நீங்கள் கொடுக்கும் அவகாசமும் கூலியும்தான்.