முதல் இன்னிங்ஸ் முன்னிலை

கிரிக்கெட்டைப் பற்றி இங்கே எழுதுவதென்றால் முதலில் ஒரு சமாதானம் சொல்லிவிட வேண்டும் என்றார் நண்பர் ஒருவர். என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை. சேப்பாக்கம் மைதானத்தில் அப்பாவுடன் உட்கார்ந்திருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் நூறுக்குக் குறையாது. வேறு எந்த மனிதருடனும் அவ்வளவு நேரம் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்ததில்லை. அந்த நாட்களில் நாங்கள் பேசிக்கொண்டதையெல்லாம் எழுதினால் இந்த இதழில் இரண்டு பக்கம் தேறாது. அந்த இரண்டு பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம்தான் இப்போது விஷயம்.

எங்கள் அணி தமிழ்நாட்டு ரஞ்சி அணி. இந்திய அணிக்கு நாடே இருந்தது. பிற்பாடு மஞ்சள் சட்டை அணிக்கு ஊரே வந்தது. ரஞ்சி ஆட்டத்துக்கு வந்தவர்களை உட்கார்ந்த இடத்திலிருந்தே எண்ணிவிடலாம். அந்தப் போட்டியின் முதல் ஆட்டம் நடந்ததே சேப்பாக்கத்தில்தான். 1934 நவம்பர் 4ஆம் தேதி மெட்ராஸும் மைசூரும் மோதின. ராம் சிங் இரண்டு இன்னிங்ஸிலுமாகப் பதினொரு விக்கெட் எடுக்க, ஆட்டம் அன்றைக்கே முடிந்துவிட்டது. ஒரே நாளில் ஜெயித்துத் தொடங்கிய அணி கோப்பையைத் தொட 1955 வரை காத்திருந்தது. இந்தூரில் ஹோல்கரைத் தோற்கடித்த அந்த அணிக்கு பாலு அளகன்னன் தலைவர். அடுத்த கோப்பை 1988இல், சேப்பாக்கத்தில், ரயில்வேஸுக்கு எதிராக. வாசுதேவன் தலைவர். அதை அப்பா பார்த்தார். அதே வருஷக் கடைசியில் நான் பிறந்தேன். 2025ஆம் வருஷம் விதர்பா கோப்பையை வாங்கியபோது எனக்கு முப்பத்தாறு வயது முடிந்திருந்தது. அதுவரை என் ஆயுளில் தமிழ்நாடு ஒரு தடவைகூட ரஞ்சிக் கோப்பையை வாங்கவில்லை.

அப்பாவை அங்கே முதலில் அழைத்துப்போனவர் தாத்தா. 1973 இறுதி ஆட்டம், எதிரே பம்பாய். அப்பாவுக்குப் பதினைந்து வயது. வெங்கட்ராகவனும் வி.வி. குமாரும் நம்மிடம் இருக்கிறார்கள், பந்து சுழலும் தரை நமக்குத்தான் சாதகம் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். தரை சுழன்றது, சுழற்றியவர் பத்மாகர் சிவல்கர். 16 ரன்னுக்கு 8 விக்கெட், பிறகு 18 ரன்னுக்கு 5 விக்கெட். தமிழ்நாடு 80, பிறகு 61. மூன்றாம் நாள் சாப்பாட்டை டப்பாவில் கட்டிக்கொண்டு போனார்களாம். சாப்பாட்டு நேரத்துக்கு ஆட்டம் இல்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் தாத்தா பேசவில்லை. படியேறும்போது மட்டும், "நல்லா போட்டான்" என்றாராம். அந்த சிவல்கர் கடைசிவரை இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை என்பதை அப்பா ஏதோ குடும்பத்தில் நடந்த அநியாயம் மாதிரி சொல்வார்.

அப்பாவுக்குச் சேப்பாக்கத்திலேயே ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. வீடு திருவல்லிக்கேணியில். பள்ளி விடுமுறையில் என்னைக் காலையிலேயே மைதானத்தில் உட்காரவைத்துவிட்டுப் போவார். மத்தியானம் தயிர்சாத டப்பாவோடு வருவார். லீவு இருக்கிற நாளில் இரண்டு பேரும் முழுநாள். நாற்காலித் தூசியைச் செய்தித்தாளால் துடைத்து, அந்தத் தாளையே விரித்து உட்காருவோம். மத்தியானத்துக்குமேல் கடற்காற்று வரும். காற்று திரும்பினால் யாரைப் பந்து போட அழைப்பார்கள் என்று அப்பா முன்கூட்டியே சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும். கை தட்டமாட்டார். நல்ல பந்துக்கு 'ம்' என்பார். 'ரசிகர்' என்ற சொல் அவருக்குப் பிடிக்காது. "நான் பார்க்கிறவன்" என்பார்.

ஒரு அணியின்மேல் வைக்கும் பற்று அப்பாவையும் பிள்ளையையும் சேர்த்துவைக்கிறது என்று வாரப் பத்திரிகைகளில் படிக்கிறேன். தோள்மேல் கை, கண்ணில் நீர். இந்தச் சித்திரத்தில் ஏதோ பிசகு இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். நாங்கள் சேர்ந்து உட்கார்ந்திருந்தோம் என்பது உண்மை. ஆனால் மைதானத்தில் உட்காருகிற விதமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத விதம். வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது இருந்த இறுக்கம் அங்கே இருக்காது. பார்ப்பதற்கு மூன்றாவதாக ஒன்று இருந்ததால்தான் இரண்டு பேரும் சகஜமாக இருந்தோம். அது சௌகரியம்தான். அந்த சௌகரியத்துக்கு ஒரு விலை உண்டு என்பது எனக்கு 2012இல் தெரிந்தது.

அதற்குமுன் 2008ஐச் சொல்ல வேண்டும். பி.ஏ. ஆங்கிலம் முடித்திருந்தேன். எம்.ஏ.வுக்கு விண்ணப்பப் படிவம் வாங்கிப் பூர்த்தி செய்து அலமாரியில் வைத்திருந்தேன். அப்பா ரிடையராக எட்டு வருஷம் இருந்தது. தங்கை பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். "பேங்க் பரீட்சை எழுது, போதும்" என்றார். வாக்குவாதம் நடந்தது, பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு நாள் கழித்து அலமாரியில் படிவத்தைக் காணோம். வீடு முழுக்கத் தேடினேன். அப்பாவும் கூடச் சேர்ந்து தேடினார், கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். கடைசித் தேதி போனது. அடுத்த வருஷம் பேங்க் பரீட்சை எழுதினேன். இன்றைக்கும் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வருஷம் போல வீட்டில் எங்களுக்குள் ஸ்கோரைத் தவிர வேறு பேச்சில்லை. "எவ்வளவு?" என்பார் உள்ளே நுழையும்போதே. "நூத்தி எண்பதுக்கு அஞ்சு" என்பேன். அதில் சகல க்ஷேமமும் அடக்கம்.

2012 ஜனவரியில் இறுதி ஆட்டம் சேப்பாக்கத்துக்கு வந்தது. எதிரே ராஜஸ்தான். விதி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இப்படிப்பட்ட ஆட்டம் ஐந்து நாளில் முடியாமல் போனால், முதல் இன்னிங்ஸில் யார் அதிக ரன் எடுத்தார்களோ அவர்களுக்கே வெற்றி. ஆகவே முதலில் மலைபோல் ரன் குவித்துவிட்டால் போதும். ராஜஸ்தான் 621 எடுத்தது. வினீத் சக்சேனா ஏறக்குறைய பதினைந்து மணி நேரம் நின்று 257. தமிழ்நாடு 295. அதோடு விஷயம் முடிந்தது. கடைசி நாள் திங்கட்கிழமை. நான் லீவு போட்டிருந்தேன். அப்பாவும் போட்டிருந்தார். கோப்பை யாருக்கு என்று தெரிந்தபிறகும் ராஜஸ்தான் இரண்டாவது தடவை ஆடிக்கொண்டிருந்தது. நம்மவர்கள் வெயிலில் பந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். இருந்த கொஞ்சம் பேரும் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

"போலாம்பா" என்றேன்.

"முடியட்டும்."

"முடிஞ்சுபோச்சுப்பா."

"ஆடறாங்க இல்ல?" என்றார்.

பிறகு வெகுநேரம் பேச்சில்லை. பின்னால் பறக்கும் ரயில் போகிற சத்தம் கேட்டது. ஒரு ஓவர் முடிந்து ஃபீல்டர்கள் இடம் மாறிக்கொண்டிருந்தபோது அப்பா, மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"அந்த ஃபாரத்தை நான்தாண்டா எடுத்து வெச்சேன்."

எனக்குத் தெரியும். 2008லேயே தெரியும். கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தவரின் முதுகைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. "தெரியும்பா" என்ற ஒரே சொல்தான் பாக்கி. மூன்றரை வருஷமாக அவர் இந்த வாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். கடைசியில், ஜெயிக்கவோ தோற்கவோ ஒன்றும் மிஞ்சாத ஒரு பிற்பகலில் இறக்கி வைத்தார். அந்த மைதானம் இல்லாவிட்டால், பார்ப்பதற்கு அந்தப் பதின்மூன்று பேர் இல்லாவிட்டால் அவரால் அதைச் சொல்லியிருக்கவே முடியாது.

நான், "இன்னும் எத்தனை ஓவர்?" என்று கேட்டேன்.

அவர் ஸ்கோர் பலகையைப் பார்த்து எண்ணிக்கையைச் சொன்னார். ராஜஸ்தான் 8 விக்கெட்டுக்கு 204 என்று நிறுத்திக்கொண்டது. தமிழ்நாடு மறுபடி ஆட வந்து விக்கெட் இழப்பில்லாமல் 8 ரன் எடுத்தது. ஸ்டம்புகளைப் பிடுங்கியபிறகுதான் அப்பா எழுந்தார்.

ஏன் சொல்லவில்லை என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். கோபம் என்றால் அதையாவது சொல்லியிருப்பேன். உண்மை இன்னும் அசிங்கமானது. அந்தக் காணாமற்போன படிவம் எனக்கு வேண்டியிருந்தது. அடுத்த வருஷம் இன்னொரு படிவம் வாங்கியிருக்கலாம், தபாலிலாவது படித்திருக்கலாம், நான் செய்யவில்லை. முடிக்காமல் விட்ட ஒவ்வொரு கட்டுரைக்கும், படிக்காமலே அபிப்பிராயம் சொன்ன ஒவ்வொரு புத்தகத்துக்கும் உள்ளுக்குள் ஒரு பதில் தயாராக இருந்தது: 'என்னைத் தடுத்துவிட்டார்கள்.' "தெரியும்பா" என்று சொல்லிவிட்டால் அந்தப் பதில் கைவிட்டுப் போய்விடும். அப்பா கணக்கை முடிக்க வந்தார். முடிப்பதில் எனக்கு லாபம் இல்லை. அவர் பேசுவதற்கு இடம் கொடுத்த அதே மைதானம் நான் பேசாமல் இருப்பதற்கும் இடம் கொடுத்தது. வீட்டில், முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் நான் தப்பித்திருக்க முடியாது.

2021இல் அப்பா போய்விட்டார். இடையில் ஒன்பது வருஷம் இருந்தது. அணி 2015இல் மறுபடி இறுதிக்குப் போய்க் கர்நாடகாவிடம் தோற்றது. கருண் நாயர் 328. அதை மும்பையில் ஆடினார்கள். நாங்கள் வீட்டில் ஸ்கோர் கேட்டுக்கொண்டிருந்தோம். சொல்வதற்கு எத்தனையோ சந்தர்ப்பம். ஒன்றையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை.

இங்கே இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். ஒரு காலத்தில் நான் காலி நாற்காலிகளைப் பற்றிப் பெருமையாகப் பேசியிருக்கிறேன். முந்நூறு பேர் பார்க்கும் ஆட்டம்தான் ஆட்டம், முந்நூறு பேர் படிக்கும் பத்திரிகைதான் பத்திரிகை என்று ஒரு கூட்டத்தில் சொன்னேன். நண்பர்கள் ரசித்தார்கள். அப்பா இதைக் கேட்டிருந்தால் புரியாமல் விழித்திருப்பார். ஆள் குறைவு என்பதற்காக அவர் அங்கே வரவில்லை. 1988இல் கூட்டம் இருந்ததைத்தான் சந்தோஷமாகச் சொல்வார். கூட்டம் போனபிறகும் அவர் வந்துகொண்டிருந்தார், அவ்வளவே. குறைவாக இருப்பதையே ஒரு தகுதியாக்கிக்கொள்வது அவருக்குத் தெரியாத வித்தை. அது எனக்குத்தான் தெரியும். அதுவும் அந்தப் படிவத்தைப் போன்றதுதான்: முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்ட சமாதானம்.

2023 ஜனவரி 26, பேங்க் விடுமுறை. என் பையனுக்கு ஏழு வயது. சேப்பாக்கத்தில் தமிழ்நாட்டுக்கும் சௌராஷ்டிராவுக்கும் ஆட்டம், மூன்றாம் நாள். காயத்திலிருந்து திரும்பிய ஜடேஜா சௌராஷ்டிராவின் தலைவர். கூட்டம் வழக்கத்தைவிடக் கூடுதல். எல்லாம் அவருக்காக. பையன் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் கிளம்பினான். ஜடேஜா அப்போது மஞ்சள் அணிக்காரர். அவனுக்கு அவர் நம்ம ஆள். அன்றைக்கு அவர் 53 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். தமிழ்நாடு 133க்குச் சுருண்டது. ஒவ்வொரு தமிழ்நாட்டு விக்கெட்டுக்கும் என் பையன் நாற்காலியில் ஏறிக் குதித்தான். மறுநாள் தமிழ்நாடு 59 ரன்னில் ஜெயித்தது என்பது அவனுக்கு ஒரு செய்தியே இல்லை.

நாலாவதோ ஐந்தாவதோ விக்கெட் விழுந்தபோது, "நல்லா போட்டான்" என்றேன். சொன்னபிறகுதான் அது யாருடைய குரல் என்று உறைத்தது.

"நீ யாரு பக்கம்பா?" என்றான் பையன்.

"தமிழ்நாடு."

"அப்புறம் ஏன் நல்லா போட்டான்னு சொல்ற?"

பதில் சொல்லவில்லை. கொஞ்சநேரம் கழித்து அவனே, "தாத்தாகூட வந்தா என்ன பேசுவீங்க?" என்றான்.

"ஒண்ணும் பேசமாட்டோம்" என்றேன். பிறகு மைதானத்தைப் பார்த்தபடியே, "ஒரு தடவை தாத்தா என்கிட்ட ஒண்ணு சொன்னார். நான் பதில் சொல்லல" என்றேன்.

"ஏன் சொல்லல?"

இந்த முறை அவன் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து ஜடேஜா இன்னொரு விக்கெட்டை எடுத்தார். பையன் கத்திக்கொண்டே நாற்காலிமேல் ஏறிவிட்டான். விழுந்தது நம்முடைய விக்கெட். எனக்கு நிம்மதியாக இருந்தது.